ஜீப்புக்கு நான் வைத்த பொட்டு

என் கைரேகை இதுவரை மூன்று இடங்களில் பதிவாகியிருக்கிறது. ஒன்று, ரேஷன் கடை மெஷின். இரண்டு, பத்திரப் பதிவு அலுவலகம். மூன்று, ராஜகுளம் தயாளன் அண்ணனுடைய ஜீப்பின் அடித்தகடு. ரேஷன் கடையில் நான்கு முறை அழுத்தி, ஐந்தாம் முறை முந்தானையில் துடைத்துவிட்டு அழுத்தினால்தான் அந்த மெஷின் என் விரலை என் விரல் என்று ஒப்புக்கொள்ளும். ஜீப்பில் அந்தக் கஷ்டமே இல்லை. ஒரே தடவையில் வரி வரியாக விழுந்தது.

இதில் அவமானம் என்னவென்றால், அடுத்தவர் கைரேகையைக் கண்டுபிடிப்பதுதான் ஏழு வருஷம் என் உத்தியோகமாக இருந்தது. போலீஸ் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு பவுடர் கோட்டிங் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். லைனில் வரும் ஒவ்வொரு இரும்புத் துண்டையும் டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்காவது விரல் பட்ட தடம் தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கி எறிவேன். லைனில் வேலை செய்த பெண்கள் என்னை 'சிவப்பு ஸ்டிக்கர்' என்றே கூப்பிட்டார்கள். (நேரில் இல்லை. நேரில் 'மேடம்'.)

பவுடர் கோட்டிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயிண்ட் ஈரம். பவுடர் காய்ந்தது, விபூதி மாதிரி இருக்கும். அதைத் துப்பாக்கி போன்ற ஒரு கருவியில் போட்டு, கரண்ட் ஏற்றி அடித்தால், எர்த் கொடுத்துத் தொங்கவிட்ட இரும்பில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு இருநூறு டிகிரி அடுப்பில் வைத்தால் உருகி, இரும்புக்கு இன்னொரு தோல் மாதிரி ஆகிவிடும். கல் பட்டாலும் லேசில் உரியாது. ஒரே நிபந்தனைதான். பவுடர் அடிப்பதற்கு முன்னால் இரும்பு சுத்தமாக இருக்க வேண்டும். துரு, கிரீஸ், வியர்வை, எண்ணெய் எதுவும் கூடாது. முக்கியமாக எண்ணெய் கூடவே கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் ஏழுமலை பெயிண்டர். உத்திரமேரூரைச் சுற்றி ஓடும் டிராக்டர், டிரெய்லர், நெல் அறுக்கும் மெஷின் எதுவானாலும் அவர் கை ஸ்பிரே பட்டிருக்கும். ஆக, எங்கள் குடும்பத்தில் சண்டைக்கு மாமியார் தேவைப்படவில்லை. பவுடரா பெயிண்டா என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. நான் அவர் வேலையை 'முகத்துக்குப் பூசுற பவுடர் அளவுக்குக்கூடத் தாங்காது' என்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்வார். கீறல் விழுந்தால் தன்னால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து டச்சப் பண்ண முடியும், நான் மொத்தத்தையும் சுரண்டி முதலிலிருந்து வர வேண்டும் என்பது அவர் கட்சி. டச்சப் என்பது முதல் தடவையே ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்களின் வேலை என்பது என் கட்சி. வீட்டு கேட்டுக்கு எதை அடிப்பது என்று முடிவாகாமல் கடைசியில் இடது கதவுக்கு பவுடரும் வலது கதவுக்கு பெயிண்டும் அடித்தோம். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

இந்த வாய்ச் சவடாலை நம்பி நான் கம்பெனி வேலையை விட்டேன். வீட்டை ஒட்டி அவருடைய ஷெட் இருந்தது. அதில் பாதியைத் தகரம் வைத்துத் தடுத்து வாங்கிக்கொண்டேன். அவர் பக்கத்துப் பெயிண்ட் புகை என் பவுடரில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தத் தகரத்தில் ஓர் ஊசி நுழையும் சந்துகூட இல்லாமல் அடைத்தேன். இரண்டு பீரோவைச் சேர்த்து நிறுத்தின அளவுக்கு ஓர் அடுப்பு, இரும்பை ஊறவைத்துக் கழுவ வரிசையாகத் தொட்டிகள், ஒரு துப்பாக்கி. உதவிக்கு என் நாத்தனார் கலா. ஷெட் திறந்து ஒன்றரை மாதத்தில் எனக்குக் கிடைத்த வேலை இரண்டு ஜன்னல் கிரில்லும் ஒரு சைக்கிள் கேரியரும். அந்த கேரியர் கலாவுடையது.

கம்பெனியில் என் சூப்பர்வைசர் நல்ல மனுஷி. மாசக் கடைசி வரைக்கும் என் இடத்துக்கு வேறு ஆள் போட மாட்டேன், வருவதானால் அதற்குள் சொல் என்று போன் பண்ணியிருந்தார். மறுபடியும் அந்த கம்பெனி பஸ்ஸில் ஏறினால் சிவப்பு ஸ்டிக்கரை என் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

மாசம் முடிய ஒன்பது நாள் இருந்தபோதுதான் தயாளன் அண்ணன் வந்தார். நிலபுலன் உள்ளவர். அதில் நெல் விளைகிறதோ இல்லையோ, அவருக்கு ஜீப் ஓட்ட வேண்டும். ரோட்டில் இல்லை. சேறு, பள்ளம், பாறை, ஏரிக்கரைச் சரிவு என்று மனிதன் நடக்கத் தயங்கும் இடமாகப் பார்த்து ஓட்டுவார். அவரைப் போலவே இன்னும் ஆறு பேர், ஆறு ஜீப். ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடல் தாண்டி யாரோ ஒருவருடைய தரிசு நிலத்தில் தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்கி, கல்லைக் கொட்டி, போட்டி வைத்திருந்தார்கள். அதற்காகப் புதிதாகச் செய்த முன் பம்பர், இரண்டு பக்கப் படி, எஞ்சினுக்கு அடியில் கல் படாமல் காக்கும் அடித்தகடு எல்லாவற்றையும் இறக்கினார். இதற்கு முன்னால் அடித்த பெயிண்ட் எல்லாம் ஒரே போட்டியில் உரிந்து போனதாகச் சொன்னபோது நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"இது தாங்குச்சின்னு வையி, எங்க ஆளுங்க ஆறு பேரும் உன்கிட்டதான் வருவாங்க. தாங்கலன்னா நானே வர மாட்டேன், பார்த்துக்க" என்றார் தயாளன் அண்ணன்.

ஆக, பஸ்ஸா ஷெட்டா என்பது அந்த ஒரு பம்பரில் தொங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் பொருளைக் கொடுக்க வேண்டும். வெள்ளி முழுக்கக் கழுவினேன். கிரீஸ் போக ஒரு தொட்டி, துரு போக ஒரு தொட்டி, நடுநடுவே தண்ணீர், கடைசியில் பவுடர் நன்றாகப் பிடிக்க பாஸ்பேட். காலையில் எடுத்துக் காயவைத்துக் கொக்கியில் மாட்டியபோது இரும்பு இளஞ்சாம்பல் நிறத்தில் குழந்தை மாதிரி இருந்தது. கலாவையும் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்தி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கையுறை போடாமல் யாரும் பக்கத்தில் வரக் கூடாது. மனிதத் தோலில் எண்ணெய் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அடுப்புக்குத் தெரியும். கலா தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள் என்பதற்காக அவளை வாசலிலேயே நிறுத்தினேன். வீட்டுக்காரரை ஷெட்டுக்குள்ளேயே விடவில்லை.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எல்லாம் சரியாக இருக்கும்போது வருமே, அந்தப் பயம். இது உண்மையில் என் ஷெட்டின் முதல் பெரிய வேலை. ஒரு சாமி கும்பிடாமல், ஒரு கற்பூரம் காட்டாமல் எப்படித் தொடங்குவது? காலண்டரைப் பார்த்தேன். நல்ல நேரம் முடிய பத்து நிமிஷம்தான் இருந்தது. வீட்டுக்குள் ஓடினேன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, திரியைத் தூண்டிவிட்டு ஏற்றினேன். அதே விரலோடு குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடி வந்தேன். கையுறையைக் கழற்றினேன். (கையுறை போட்டுக்கொண்டு யாராவது சாமிக்குப் பொட்டு வைப்பார்களா?) அடுப்புக் கதவுக்கு மூன்று பொட்டு. கம்ப்ரசருக்கு ஒன்று. துப்பாக்கிக்கு ஒன்று. சுவிட்சு போர்டுக்கு ஒன்று. கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கொக்கியில் தொங்கிய பம்பருக்கு நடுவில் மூன்று, ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு. அவசரத்தில் பக்கப் படிகளை விட்டுவிட்டேன். அடித்தகட்டுக்கு வரும்போது குங்குமம் தீர்ந்தே போயிருந்தது. அதனால் என்ன, பாவனைதானே முக்கியம் என்று வெறும் எண்ணெய் விரலை வைத்து நன்றாக அழுத்தினேன். கற்பூரம் காட்டினேன். கண்ணை மூடி நின்றேன். கண்ணைத் திறந்தபோது மனம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவில் பம்பர்ப் பொட்டுகளை முந்தானையால் ஒரு இழு இழுத்துத் துடைத்தேன். கையுறையைப் போட்டுக்கொண்டேன். அடித்தேன்.

பவுடர் ஏறியபோது எல்லாம் ஒரே கறுப்பு. ஒரு குறை சொல்ல முடியாது. அடுப்பில் வைத்து, நேரம் பார்த்து எடுத்தேன்.

பம்பரின் நடுவில் மூன்று வட்டம், ஓரத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. அந்த இடங்களில் மட்டும் பவுடர் விலகி ஓடி, பள்ளம் விழுந்து, அடியில் கருகின குங்குமத்தோடு இரும்பு தெரிந்தது. வட்டங்களைச் சுற்றி மீன் கண் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். அடித்தகட்டில் இன்னும் அழகு. யாரோ ஒருவருடைய ஒரு விரல், வரிகள் சுழிகள் உட்பட, கறுப்பில் செதுக்கினது போல நின்றது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். ஏழு வருஷப் பழக்கம் யோசிக்க விடுமா? விசாரணை நடத்தினேன்.

யார் தொட்டது என்று கேட்டேன். யாரும் தொடவில்லை என்றார்கள். முதல் சந்தேகம் கலாவின் தலை எண்ணெய் மேல். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை என்று சத்தியம் பண்ணினாள். அடுத்த சந்தேகம் பெயிண்ட் கட்சியின் சதி. ராத்திரி நான் தூங்கும்போது வந்து தொட்டீர்களா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். பத்து வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனைப் பார்த்து கேட்கிற கேள்வியா அது? கேட்டேன். போனில் அடித்தகட்டை போட்டோ எடுத்துப் பெரிதாக்கினேன். இருவரையும் கையை நீட்டச் சொல்லி ஒவ்வொரு விரலாக ஒப்பிட்டேன். கலாவின் விரல் மெலிசு, பொருந்தவில்லை. அவர் விரலில் பெயிண்ட் ஏறி ஏறி ரேகையே கிடையாது. அப்படியானால் வெளி ஆள் வேலை என்று நான் முடிவு கட்டும்போது, அவர் பம்பரின் நடுவில் இருந்த மூன்று வட்டத்தையும் பார்த்தார். பிறகு அடுப்புக் கதவில் இருந்த மூன்று பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வசந்தா, அந்தக் கையுறைய கொஞ்சம் கயிட்டு" என்றார்.

கழற்றினேன்.

"மோதர வெரல்ல இன்னா கீது, பாரு."

சிவப்பாக இருந்தது. விளக்குக்கு ஊற்றின எண்ணெயின் மினுமினுப்பும் இருந்தது. கலா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் சிரிப்பது தகரத்தைத் தாண்டிக் கேட்டது. நான் அங்கேயே கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் உட்கார்ந்து அழுதேன். மாசக் கடைசி, கம்பெனி பஸ், சிவப்பு ஸ்டிக்கர் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. சுரண்டி மறுபடி அடிக்க ஒரு நாளாவது வேண்டும். தயாளன் அண்ணன் சாயங்காலம் வருவார்.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உப்புக் காகிதம், பட்டி, பிரைமர், கறுப்பு பெயிண்ட் எல்லாவற்றோடும் வந்தார். எதைச் செய்யப் போகிறார் என்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை. என் ஷெட்டுக்குள், என் கண் முன்னால், டச்சப். பம்பரின் பள்ளங்களின் ஓரத்தைத் தேய்த்து, பட்டி வைத்து மட்டமாக்கி, காற்றைக் குறைத்து ஸ்பிரே பண்ணி, என் பவுடரின் பொரபொரப்பை அப்படியே கொண்டுவந்தார். இரண்டு முழம் தள்ளி நின்று பார்த்தால் எனக்கே தெரியவில்லை. அடித்தகடு வண்டிக்கு அடியில்தானே, விட்டுவிடலாம் என்றேன். பம்பரில் அடித்த பெயிண்ட் காய இரண்டு நாள் வேண்டும் என்றார் அவர். இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

"உண்மைய சொல்லிட்லாம் வசந்தா. அந்தாளு நல்லவரு" என்றார்.

வேண்டாம் என்றேன். தயாளன் அண்ணன் வந்தார், தடவிப் பார்த்தார், "சோக்கா கீதும்மா" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார். நான் அந்தப் பொட்டு இருந்த பக்கமே பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாமி கும்பிட்டேன், எதையும் தொடாமல்.

திங்கட்கிழமை காலை ஷெட் வாசலில் ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே இன்னும் இரண்டு ஜீப். அண்ணன் இறங்கி முன் பக்கத்தைக் காட்டினார். பாறையில் ஏறி, சரிந்து, ஒரு பக்கமாகக் கவிழ்ந்து தூக்கியிருக்கிறார்கள் என்பது பக்கப் படி வளைந்திருந்ததில் தெரிந்தது. ஆனால் பவுடர் எங்கும் உரியவில்லை. வளைந்த இடத்தில்கூட இரும்போடு சேர்ந்து வளைந்திருந்தது. உரிந்தது ஐந்தே இடம். பட்டி வைத்த ஐந்தும் மூடி கழன்றது போல வட்டமாகக் கழன்று விழுந்து, அந்த இடத்து இரும்பு சேற்று ஈரத்தில் ஒரே நாளில் துருப் பிடித்துச் செக்கச் சிவந்திருந்தது. நடுவில் மூன்று, ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு. நான் வைத்தபோதுகூட அவ்வளவு லட்சணமாக இல்லை.

ஏழு வருஷச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன் என்பதும், அந்த ஜெயமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்பதும் எனக்கு ஒரே நேரத்தில் புரிந்தது.

"இன்னாம்மா இது, வண்டிக்கு அம்மை போட்ட மாரி?" என்றார் அண்ணன்.

சொல்லிவிட்டேன். விளக்கு ஏற்றியது, பொட்டு வைத்தது, முந்தானையால் துடைத்தது, விசாரணை நடத்தியது, டச்சப், மறைத்தது எல்லாவற்றையும். அடித்தகட்டைக் குனிந்து பார்த்தால் என் விரல் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மறைத்ததுதான் தப்பு, எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி அடித்துத் தருகிறேன் என்றேன். அண்ணன் ஜீப்புக்கு அடியில் படுத்தார். கூட வந்த இருவரும் படுத்தார்கள். மூன்று பெரிய மனிதர்கள் என் வாசலில் மல்லாக்கப் படுத்து என் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்தபோது அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "ஏம்மா, பாறையில அந்தத் தேய் தேச்சிக்கினு வந்துகீறேன், உன் வெரலு போவலியே" என்றார்.

பம்பரை மறுபடி அடிக்கக் கொடுத்தார். அடித்தகட்டைக் கழற்ற மறுத்துவிட்டார். கூட வந்த இருவரும் தங்கள் வண்டிப் பொருள்களை அங்கேயே கழற்றி இறக்கினார்கள். அதில் ஒருவர் கொஞ்சம் தயங்கி, தன் பம்பருக்கும் அந்த மாதிரி உள்ளேயே பொட்டு வருமா என்று கேட்டார். வராது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அன்றைக்கு மத்தியானமே சூப்பர்வைசருக்கு போன் பண்ணி, என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

வீட்டுக்காரரிடம் நான் ஜெயித்ததாக ஒரு தடவைகூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஆரம்பித்தாலே, "ரெண்டு நாள் காய வேண்டிய பெயிண்டுக்கு ரெண்டு மணி நேரம் குடுத்தவ நீ" என்பார். அதுவும் நியாயம்தான். இப்போது தகரத் தடுப்பில் ஒரு கதவு வைத்திருக்கிறோம். அடுப்பில் நுழையாத பெரிய பொருள் வந்தால் நான் அந்தப் பக்கம் அனுப்புகிறேன், சேற்றில் உருளப் போகிற பொருள் வந்தால் அவர் இந்தப் பக்கம் அனுப்புகிறார். பூஜைக்கென்று ஒரு பழைய தகட்டுத் துண்டு சுவரில் தொங்குகிறது. எல்லாப் பொட்டும் அதற்குத்தான். வேலை தொடங்குமுன் கலா வாசலில் நின்று, "அண்ணி, வெரலக் காட்டு" என்பாள். காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். முதலாளியம்மா நான்தான்.

போன தை மாசம் கலாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்ணுக்கு முதல் பொட்டு யார் வைப்பது என்று பேச்சு வந்தது. சொந்தத்தில் மூத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். கலா எழுந்து, சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க அண்ணி வைக்கட்டும். அவங்க வச்ச பொட்டு எரநூறு டிகிரியில வெச்சாலும் போவாது, பாறையில தேச்சாலும் போவாது" என்றாள்.

எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை, யாரோ பெரிய ராசிக்காரி போலிருக்கிறது என்று பயபக்தியோடு என்னைப் பார்த்தார்கள். என் முகம் சுட்டது. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் நெற்றியைக் காட்டிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். குங்குமத்தைத் தொட்டேன். கூட்டத்தின் கடைசியிலிருந்து என் வீட்டுக்காரர், "எண்ணெய தொடச்சியா?" என்று கேட்டார்.

துடைக்கவில்லை. போகாமலே இருக்கட்டும் என்று நன்றாக அழுத்தி வைத்தேன்.